கொப்பியில் ஐந்து, கையில் முப்பத்தொன்று

இரண்டாம் மாடி,
கடற்கரைப் பக்க ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.
11.06.1996

மதிப்புக்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அச்சுக்கூடத்தாரும் நலமாயிருக்கவும், எட்டு மணி நேர மின்வெட்டிலும் தங்கள் இயந்திரம் எப்படியாவது ஓடவும் வேண்டிக்கொள்கிறேன். இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம் என்பதையும் தொடக்கத்திலேயே பணிவோடு நினைவூட்டுகிறேன். முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு அஞ்சலட்டை அனுப்பினீர்கள்: "ஐயா, தங்களைப் போன்ற பெரியவர்கள் ஆன்மிகக் குறிப்புகள் அனுப்பினால் பரிசீலிப்போம்." அந்த அட்டையை நான் கிழிக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன், தினமும் காலையில் பார்த்துக் கோபப்படுவதற்காக.

"யாருக்கு எந்த நாவல்" என்ற புதிய பக்கத்தை வாராவாரம் எழுத அனுபவமுள்ள ஒருவர் தேவை, பதினைந்தாம் திகதிக்கு முன் விண்ணப்பிக்கவும் என்று அறிவித்தல் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் எனக்கு வேண்டும். மாதிரிக்கென்று யாரோ ஒரு இளைஞரின் பட்டியலையும் போட்டிருந்தீர்கள்: பத்து வயதுக்கு நீதிக்கதை, இருபதுக்கு முன்னேற்றக் கதை, ஐம்பதுக்குச் சரித்திரம், அறுபதுக்கு மேல் பக்தி. இதை எழுதியவர் ஒரு மனிதருடைய முகத்தையாவது பார்த்து எழுதினாரா என்று கேட்கிறேன். நான் முகம் பார்த்துக் கொடுக்கிறவன். இரண்டரை மாதத்தில் இருபது குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருவராவது "நல்லாயில்லை" என்று திருப்பித் தந்ததில்லை. பொலிஸ் வந்து என்னைக் கொண்டுபோனதுகூட இந்தத் தொழிலில் எனக்கிருந்த கெட்டித்தனத்தால்தான். விபரமாகச் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. ஆங்கிலத்தைச் சரக்குப் பெட்டிகளின் மேல் ஒட்டிய துண்டுகளில் படித்தேன். முப்பத்துநாலு வருடம் ஒரு களஞ்சியத்துக்குப் பொறுப்பாளராக இருந்து, ஒரு திருகாணி கூடக் குறையாமல் சாவியை ஒப்படைத்துவிட்டு இளைப்பாறினேன். என் பதிவில் உள்ளது தட்டில் இருக்கும், தட்டில் உள்ளது பதிவில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

என் மனைவி பாலேஸ்வரியின் தம்பி சுந்தரலிங்கம் போன வருடம் கனடாவுக்குப் போகும்போது ஒரு தகரப் பெட்டியை எங்கள் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "அத்தான், உள்ளுக்கு நாப்பத்துமூண்டு நாவல் கிடக்கு, கவனம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் திறந்தும் பார்க்கவில்லை. நாவல் வாசிக்கிறவன் வேறு வேலையில்லாதவன் என்பது என்னுடைய அப்போதைய கருத்து. பிறகு மின்வெட்டு வந்தது. தொலைக்காட்சி நின்றது. எங்கள் கட்டிடத்துச் சனம் முழுவதும் படிகளில் வந்திருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே காலாற நடக்கலாம் என்றால் காலி வீதியில் எட்டி வைத்த இடமெல்லாம் அடையாள அட்டை கேட்கிறார்கள். ஒரு பிற்பகல் மூன்றாம் மாடி சிவக்கொழுந்து அம்மா கதவைத் தட்டினார். "அண்ணை, வாசிக்க ஏதும் கிடக்கே? இருமல் மருந்துப் போத்திலில எழுதியிருக்கிறதை விடியத்தொட்டு மூண்டு தரம் வாசிச்சிட்டன்" என்றார். இளைப்பாறிய பிறகு என் கதவைத் தட்டி என்னிடம் ஒரு பொருள் கேட்ட முதல் ஆள் அவர். எனக்குள் இருந்த களஞ்சியப் பொறுப்பாளர் எழுந்து நின்றுவிட்டார்.

பெட்டியைத் திறந்தால் தலை சுற்றியது. பாதிக்கு மேல் அட்டைகளில் துவக்கு. மிச்சத்தில் கத்தி. ஒன்றில் எரிகிற ஹெலிகொப்டர். வீடு வீடாகச் சோதனை நடக்கிற ஊரில் இதைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு மனுஷன் நித்திரை கொள்வதா? அன்றைக்கே பிறவுண் பேப்பர் வாங்கி நாற்பத்துமூன்றுக்கும் உறை போட்டேன். உள்ளட்டையில் சிவப்பு மையால் இலக்கமிட்டேன். ஒரு கொப்பியில் வரிசையாகப் பதிந்தேன். ஒவ்வொன்றிலும் முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வாசித்தேன். அது போதும். நடுவில் இருப்பதெல்லாம் அந்த இரண்டையும் ஒட்டுவதற்குப் பூசிய பசை. கட்டிலுக்குக் கீழே குனிய எனக்கு முழங்கால் மடங்காது என்பதால், நான் முன்னறைக் கதிரையிலிருந்து வந்தவரின் முகத்தைப் பார்த்து இலக்கத்தைச் சொல்லிக் கொப்பியில் பதிவேன். பாலேஸ்வரி அறைக்குள் போய்ப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுப்பாள், திரும்பி வருவதையும் அவளே வாங்கி உள்ளே வைப்பாள். அவளுடைய பங்கு அவ்வளவுதான்.

சிவக்கொழுந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வயது அறுபத்தெட்டு, நெற்றி நிறையத் திருநீறு. "ஐந்து" என்றேன். முதற் பக்கத்தில் தீர்த்த யாத்திரை புறப்படுகிறார்கள், கடைசிப் பக்கத்தில் கோபுரத்தைக் கண்டு அழுகிறார்கள். மூன்றாம் நாள் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணை, நஞ்சு வைச்சது அந்த டொக்டர்தான்! நாலாம் அதிகாரத்திலையே எனக்குப் பொறி தட்டினது. பால் கோப்பையை அவன் ஏன் தன்ரை கையாலை கழுவினவன்? சொல்லுங்கோ பாப்பம்!" எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு யாத்திரைக் கதையில் நஞ்சையும் வைத்தியனையும் கண்டுபிடித்தார் என்றால், உடம்பு என்ற கோப்பை, ஆசை என்ற நஞ்சு என்று எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருப்பார்! "எல்லாம் அவன் செயல்" என்றேன். "அதைத்தானே நானும் சொல்லுறன், அவன்தான் செய்தவன்!" என்றார். முடிவு தெரிந்த பிறகு திரும்ப முதலிலிருந்து வாசிப்பதில்தான் ருசி என்று சொல்லி, புத்தகத்தைத் தராமலே மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்தது நிக்கலஸ். பத்தொன்பது வயது, உயர்தரச் சோதனை எடுக்கிற பிள்ளை, எந்த நேரமும் டியூசன். பதினேழு கொடுத்தேன். முதற் பக்கத்தில் ஏழை மாணவன் குப்பி விளக்கில் படிக்கிறான், கடைசிப் பக்கத்தில் எஞ்சினியர். நான்கு நாளில் கண் வீங்கி வந்து நின்றான். "அங்கிள், அவ ஏன் அங்கிள் ஸ்டேஷனுக்கு வரேல்லை? ரெயின் வெளிக்கிடும் மட்டும் அவன் பாத்துக்கொண்டு நிண்டவன்." படிக்காமல் விட்ட காலத்தை நினைத்து அழுகிறான் என்று விளங்கிக்கொண்டேன். "போன ரெயின் போனதுதான் தம்பி, மிச்சப் பாடத்தைப் படி" என்றேன். இன்னும் கூட அழுதான். ஒரு கதை ஒரு பிள்ளையை இப்படித் திருத்துமென்றால் வேறென்ன வேண்டும்?

கீழ்வீட்டு ஹாஷிம் முதலாளி, காலி வீதியில் புடைவைக்கடை. ஆள் பெரிய உடம்பு, நடையில் ஒரு கம்பீரம். ஒன்பதைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் சோழ இளவரசனுக்கு முடிசூட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "பெரியவர், சிரிச்சுச் சிரிச்சு வகுறு நோவுது. கலியாண வூட்டுல மாப்புளைட செருப்பப் போட்டுக்கொண்டு போறானே, அந்த எடத்துல பொஞ்சாதி எனக்கு என்னமோ ஆயிட்டுதெண்டு தண்ணி கொண்டு வந்துட்டா!" சோழர் காலத்தில் செருப்பு இருந்ததா என்று எனக்கு ஒரு நிமிடம் யோசனை. இருந்திருக்கும். அவருடைய மகள் றமீலாவுக்குப் பதினொரு வயது. அவளுக்கு இருபத்திரண்டு, நீதிக்கதை. "அங்கிள், அந்தப் பேய் நல்ல பேயா கெட்ட பேயா எண்டு செல்லாமலே முடிச்சிட்டாங்க. ரெண்டாம் பாகம் ஈக்கா?" என்று கேட்டாள். நீதிக்கதையில் பேய் வருவது வழமைதான்.

இப்படியே பெயர் பரவி, ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு ஆசிரியை பஸ் ஏறி வந்து கேட்டார். அவருக்கும் கொடுத்தேன். திரும்பி வரும்போது தங்கையையும் கூட்டிவந்தார். ஆசிரியர் அவர்களே, இதை உங்கள் பட்டியல் செய்யுமா?

இப்போது இரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்கு ஆமியும் பொலிஸும் ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்து வீடு வீடாக ஏறினார்கள். எங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்தார்கள். ஒரே மாதிரி உறை போட்ட இருபத்தாறு புத்தகம், எல்லாவற்றிலும் சிவப்பு மையில் இலக்கம், பக்கத்தில் பெயர்களும் இலக்கங்களும் நிறைந்த கொப்பி. "மேவா மொனவாத?", இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டான் ஒரு ஆமிக்காரன். கதைப் புத்தகம் என்றேன். ஏன் மூடி வைத்திருக்கிறாய் என்று கேட்டான். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் பதற்றத்தில் என் சிங்களத்தில் "துவக்கு" என்ற சொல்லும் "மறைத்தேன்" என்ற சொல்லும் மட்டும்தான் பிழையில்லாமல் வந்தன. ஐந்து நிமிடத்தில் நானும் பெட்டியும் கொப்பியும் ஜீப்பில்.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் சார்ஜன் பதியுதீன். மரியாதையான மனுஷன், கதிரை தந்தார். கொப்பியின்படி இன்னும் புத்தகம் திருப்பித் தராத பதினேழு பேரையும் கையிலுள்ள புத்தகத்தோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எல்லாரும் வந்து வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். என் பதிவைச் சரிபார்க்க வந்த எந்த அதிகாரியும் இதுவரை ஒரு பிழையும் பிடிக்காமல் வெறுங்கையோடுதான் போயிருக்கிறார். சார்ஜன் முதலில் சிவக்கொழுந்து அம்மாவிடம் வாங்கிப் பார்த்தார். கொப்பியில் ஐந்து, கையில் முப்பத்தொன்று. நிக்கலஸ்: கொப்பியில் பதினேழு, கையில் நாற்பது. ஹாஷிம் முதலாளி: கொப்பியில் ஒன்பது, கையில் இருபத்தாறு.

"ஐயா," என்றார் சார்ஜன், குரலைத் தணித்து, "பதினேழு பேர்ல ஒண்டாச்சும் பொருந்தணுமே. ஒண்டும் பொருந்தல்ல. இன்ஸ்பெக்டர் மாத்தயா வந்தா கேப்பார், இது ஏதாச்சும் ரகசியக் கணக்கா எண்டு."

"கொப்பி பிழையில்லை. ஆக்கள்தான் பிழை" என்றேன்.

"அப்படிச் சொன்னா மேலிடத்துக்கு அனுப்ப வேண்டி வரும் ஐயா."

விசாரணைக்கென்று அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஹாஷிம் முதலாளி என் காதுக்குள், "பெரியவர், மாத்தி எழுதிப்போட்டன் எண்டு ஒரு வார்த்தை செல்லுங்களே" என்று கெஞ்சினார். முப்பத்துநாலு வருடம் மாற்றி எழுதாதவன் இப்போது எழுதுவேனா? மாட்டேன் என்றேன்.

இன்ஸ்பெக்டர் வரும்வரை சார்ஜன் முப்பத்தொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டியவர் வாசிக்கத் தொடங்கினார். வாசிக்கத் தொடங்கியவர் தேநீரை மறந்தார். சிவக்கொழுந்து அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, பால் கோப்பை வந்திட்டுதே? அந்த டொக்டரிலை ஒரு கண் வைச்சிருங்கோ" என்றார். சார்ஜன் இரண்டு கையையும் உயர்த்தி, "உம்மா, செல்லாதீங்க! அல்லாவுக்காகச் செல்லாதீங்க!" என்று கத்தினார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் துவக்கோடு ஓடிவந்தார்.

அந்த நேரத்தில்தான் பாலேஸ்வரி சாப்பாட்டுப் பார்சலோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே சார்ஜனிடம் போய், தனியே கதைக்கவேண்டும் என்றாள். இருவரும் உள்ளே போனார்கள். பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டரையும் உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு உள்ளிருந்து மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. சார்ஜன் வெளியே வந்து என்னை நெடுநேரம் பார்த்து, "வீட்டுக்குப் போங்க ஐயா. கொப்பியப் பத்திரமா வச்சுக்கொள்ளுங்க" என்றார். என்ன சொன்னாய் என்று வழியெல்லாம் கேட்டேன். "உங்களைப் பற்றித்தான் சொன்னனான்" என்றாள். என்னுடைய சேவைக்காலத்தையும் நேர்மையையும் எடுத்துச் சொல்லியிருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். ஒரேயொரு குறை. முப்பத்தொன்றை வாசித்து முடித்துத் தாருங்கோ என்று சார்ஜனிடமே விட்டுவிட்டு, பன்னிரண்டை எடுத்து "இதை உங்கடை மிஸிஸிட்டைக் குடுங்கோ" என்றும் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. சார்ஜனின் மனைவியுடைய முகத்தைப் பார்க்கவுமில்லை. இப்படியா நாவல் கொடுப்பது?

இலக்கங்கள் பொருந்தாததற்குக் காரணம் வாசகர்கள் படிகளில் இருந்தபடி தங்களுக்குள் மாற்றிக்கொண்டது. அவர்களை மன்னித்துவிட்டேன். ஆகவே, ஆசிரியர் அவர்களே, பொலிஸும் பரிசோதித்து விட்டுவிட்ட இந்த அனுபவத்தை விட வேறு தகுதி என்ன வேண்டும்? பக்கத்தை எனக்குத் தாருங்கள். பதினைந்தாம் திகதி வரை தபால்காரரின் மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருப்பேன்.

தங்கள் இதழும் தாங்களும், அந்தப் பட்டியல் எழுதிய இளைஞரும்கூட, நீண்டகாலம் சுகமாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இங்ஙனம்,
க. கதிர்காமநாதன்
(இளைப்பாறிய களஞ்சியப் பொறுப்பாளர்)

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லிக் கடிதத்தைப் பாலேஸ்வரியிடம் கொடுத்தேன். அவள் ஒட்டுவதற்கு முன் வாசித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் கட்டிலில் இருந்துவிட்டாள். பிறகு சார்ஜனுக்குச் சொன்னதை எனக்கும் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் சொன்ன நம்பரை நான் ஒருநாளும் எடுத்துக் குடுத்ததில்லை." நாற்பத்துமூன்றையும் அவள் வாசித்திருக்கிறாள், சிலதை இரண்டு தரம், நான் பின்னேரம் ஒழுங்கை முடிவில் உள்ள கடற்கரைக்கு மெல்ல நடக்கப் போகும் நேரங்களில். கலியாணமாகி நாற்பத்தொரு வருடம், அவள் நாவல் வாசிப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஏன் மாற்றிக் கொடுத்தாய் என்று கேட்டேன். "நீங்கள் குடுக்கிறதை வாசிச்சால் ரெண்டாந்தரம் ஆர் வருவினம்? ஒருத்தரும் வராட்டில் நாள் முழுக்க நீங்கள் என்னோடையெல்லே சண்டை பிடிப்பியள்" என்றாள்.

ஆகவே மேலே "கொடுத்தேன்" என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் "பாலேஸ்வரி கொடுத்தாள்" என்று வாசித்துக்கொள்ளவும். பக்கத்தையும் அவளுக்கே கொடுங்கள். விண்ணப்பதாரர் பெயரை மட்டும் மாற்றினால் போதும், விலாசம் ஒன்றுதான். பிறவுண் பேப்பர் போட்டது நான். அந்த இடத்தில் கை வைக்க வேண்டாம். முழுக் கடிதத்தையும் திருத்தி எழுதியிருக்கலாம், அதற்கு நேரமில்லை. இன்று காலை என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவள் எனக்கு ஒரு புத்தகம் எடுத்துத் தந்தாள். எத்தனையாம் இலக்கம் என்று சொல்லவில்லை, கொப்பியில் பதியவும் விடவில்லை. நடுப்பக்கங்களில் இவ்வளவு விஷயம் வைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன், இரண்டு பேர் செத்துவிட்டார்கள். இதையும் சிவக்கொழுந்து அம்மா வாசித்து முடித்துவிட்டாராம். நாளை மறுநாள் வரைக்கும் எங்கள் மாடிப் பக்கம் இறங்க வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன்.