ஏரிக்கரை பாய்ஸின் பன்னிரண்டாவது ஆள்

கால்பந்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர் என்று சட்டம் எழுதியவர் தாம்பரம் பக்கம் வந்ததே இல்லை. வந்திருந்தால் பன்னிரண்டாவதாக இன்னொருவரையும் சேர்த்திருப்பார். அவர் பூட்ஸ் போட மாட்டார், ஓட மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் சுருட்டிய பேப்பருமாகக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, தொண்ணூறு நிமிடமும் தொண்டையால் மட்டுமே ஆடுவார். கிளப் ஜெயித்தால், "நான் சொன்னத கேட்டானுங்க." தோற்றால், "நான் சொன்னத எவன் கேட்டான்?" டிரா ஆனால்? தொண்டை கட்டியிருக்கும்.

அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான். ஆனாலும் ஜிஎஸ்டி ரோட்டில் முப்பத்தெட்டு வருஷம் சொந்தக் கடை நடத்தி, போகிற வருகிற ஆளை நடையை வைத்தே எடை போட்டவன். இந்த ரகத்தைப் பற்றி எந்தப் பட்டதாரியும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்பாவிட்டால் பொன்னுரங்கத்தைப் பாருங்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் கூட்டு ரோட்டில் சிமெண்ட், கம்பி வியாபாரம். அப்பா நெல் விளைவித்த இடத்தில் இவர் மூன்று மாடி எழுப்பிவிட்டார். அதில் அவருக்குப் பெரிய பெருமை கிடையாது. பெருமையெல்லாம் ஏரிக்கரை பாய்ஸில்தான். பெயர்தான் பாய்ஸ், பின்வரிசையில் பேக் ஆடும் ராஜாராமனுக்குக் கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். ஒரு காலத்தில் ஜில்லா லீக்கில் முதல் டிவிஷன் ஆடிய கிளப் இது. பிறகு இரண்டாவதுக்கு இறங்கியது. பிறகு மூன்றாவதுக்கு.

ஏன் இறங்கியது? பொன்னுரங்கத்திடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வார். டீக்கடையில் சொல்வார், கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்வார், சிமெண்ட் வாங்க வந்த மேஸ்திரியை நிற்க வைத்துச் சொல்வார். மெரூன் பனியனை மாற்றிக் கிளிப்பச்சை பனியன் போட்ட அன்றைக்கே கிளப் கெட்டது. ஆட்டத்துக்கு முன்னால் ஃப்ரைட் ரைஸ் தின்ன ஆரம்பித்தபோது இன்னும் கெட்டது. "மண்டையில கோடு போட்டுக்கினவன்லாம் ஃபார்வர்டாம். கோடு தலையில கீது, கால்ல ஒண்ணும் இல்ல!" வருஷத்துக்கு ஒரு காரணம் புதிதாகச் சேரும். பழையது எதுவும் ரத்தாகாது.

"ஆடுறவன் வூட்ல காலை நீட்டித் தூங்கிகினு கீறான். உனுக்கு இன்னாய்யா பேஜாரு?" என்பார் மனைவி தாயாரம்மாள்.

"நானும் தூங்கிட்டா கிளப்ப யார் பாக்கறது?"

அப்படிப் பார்த்துக்கொண்ட கிளப்புக்குத்தான் இந்த வருஷம் லீக்கின் கடைசி ஆட்டம் வந்து சேர்ந்தது. குரோம்பேட்டை டீமோடு மோதல். டிரா செய்தால் மூன்றாவது டிவிஷனில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தோற்றால் நாலாவது. "நாலாவதுக்குப் போனா ஆட எவனும் வரமாட்டான்ணா. கிளப்ப மூடிட வேண்டியதுதான்," என்று கேப்டன் சக்திவேல் முன்கூட்டியே சொல்லிவிட்டான். பொன்னுரங்கத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலை திருநீர்மலை படியேறி, ரங்கநாதரிடம் ஒரே ஒரு பாயிண்ட் கேட்டுக்கொண்டு, பிரசாதத் துளசியை மைதானத்துக்கே எடுத்து வந்து கீப்பரின் கையுறைக்குள் செருகினார்.

கீப்பர் அருண்ராஜ் புதுப் பையன். கோவளம் பக்கம் மீன்பிடிக் குடும்பம். வலை இழுத்த கை. பழைய கீப்பர் முந்தின வாரம்தான் துபாய்க்குப் போயிருந்தார். அருண்ராஜுக்கு இதுதான் முதல் ஆட்டம். பனியன் கொடுத்தார்கள், கார்னருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னார்கள். முக்கியமான ஒன்றை மட்டும் சொல்ல மறந்தார்கள்.

மீனம்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் கேட்குமா? கேட்காது. ஏரிக்கரை பாய்ஸின் பழைய ஆட்டக்காரர்களுக்குப் பொன்னுரங்கத்தின் குரலும் அப்படித்தான். "ரைட்டுல குடு" என்று அவர் கத்தினால் லெஃப்டில் கொடுப்பார்கள். அவரை மீறவேண்டும் என்று அல்ல, அவர் கத்தியதே காதில் விழுந்திருக்காது. இருபது வருஷப் பழக்கம். புதுக் கீப்பருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

எண்பத்தாறு நிமிடம் வரை கோல் இல்லை. அருண்ராஜ் நெருப்பாக ஆடினான். எண்பத்தேழாவது நிமிடத்தில் குரோம்பேட்டை ஃபார்வர்ட் காலை வீசினான். உதை சரியாக விழவில்லை. பந்து கட்டாந்தரையில் தத்தித் தத்தி இடது கம்பத்தை நோக்கி உருண்டது. அருண்ராஜ் குனிந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டான். கம்பத்துக்குப் பின்னால் நின்ற பொன்னுரங்கத்துக்கு அது வெளியே போகிற மாதிரி தெரிந்தது. தொட்டால் கார்னர் ஆகிவிடுமே என்று அவருக்குப் பதறியது.

"வுட்டுடு! தொடாத, வுட்டுடு! வெளிய போவுது!"

பையன் கையை இழுத்துக்கொண்டான்.

பந்து கம்பத்தின் உள்பக்கம் லேசாக முட்டி, மரியாதையான விருந்தாளி மாதிரி உள்ளே போய் வலையில் உட்கார்ந்தது.

மிச்ச மூன்று நிமிடத்தில் எதுவும் மாறவில்லை. ரெஃப்ரி விசில் ஊதியதும் அருண்ராஜ் நேரே கம்பத்துக்குப் பின்னால் வந்தான்.

"அண்ணா, நீங்கதான வுட்டுடுன்னீங்க?"

"நான் இன்னா கோச்சா? நான் சொன்னா வுட்டுடுவியா? உனுக்குக் கண்ணு இல்ல?"

"பின்னால நிக்கிறவங்களுக்குத்தான் கோடு நல்லா தெரியும்னு நெனச்சேண்ணா."

சக்திவேல் வந்து பையனின் தோளில் கை போட்டான். "வுடு மச்சான், உன் தப்பு இல்ல. நாங்க சொல்லி வெச்சிருக்கணும்." பொன்னுரங்கத்தைத் திரும்பிப் பார்த்தான். "இருபது வருஷமா எவனும் கேக்கல, எவனும் கேக்கலன்னியே அண்ணா. இதோ, ஒருத்தன் கேட்டுட்டான். இப்ப சந்தோசமா?"

பொன்னுரங்கம் சுருட்டிய பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள், சாட்சி உண்டு.

பையன்கள் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த வருஷம் பற்றி யாரும் பேசவில்லை. கோல் வலையை அவிழ்க்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அவர்தான் அவிழ்த்தார். முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, மண்ணை உதறி, சிமெண்ட் மூட்டை தூக்குகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, வழியில் யாரையும் பார்க்காமல் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? செவ்வாய்க்கிழமை வரைக்கும் திருந்தித்தான் இருந்தார். புதன்கிழமை டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்தபடி ஆரம்பித்தார்: "கிளப்பு ஏன் நாலாவதுக்குப் போச்சு தெரியுமா? இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சொந்த புத்தி இல்லபா. கோட்டுக்கு வெளிய நிக்கிற கண்டவன் பேச்சக் கேட்டு ஆடுறானுங்க!" புதுக் காரணம். பட்டியலில் சேர்ந்துவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும்தான் சிரித்தேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். போன வாரம் உங்கள் வீட்டு வாசலில் மகன் காரை ரிவர்ஸ் எடுத்தபோது, சுவரோரமாக நின்று கையை ஆட்டி ஆட்டி, "வா, வா, இன்னும் வரலாம், வா" என்று கூப்பிட்டது யார்? டமால் என்று சத்தம் வந்த பிறகு நீங்கள் யாரைத் திட்டினீர்கள்?