அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம்

ஜான்ஜு,
ஞாயிறு இரவு

அன்புள்ள ப்யொங்ஹோ அண்ணாவுக்கு,

ஊரே அடங்கிவிட்ட இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். ஹங்யோல் இப்போதுதான் கண்ணை மூடினான். நீயும் அண்ணியும் நலம்தானே? சியோலில் பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், அண்ணியை வழுக்கும் படிகளில் இறங்கவிடாதே. மின்னஞ்சலே அனுப்பியிருப்பேன், ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் சாயங்காலத்திலிருந்து நேற்றைய பிறந்தநாள் படங்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது, நடுவில் தொடக் கூடாதாம். ஆகவே பேனா. மரியாதை இதோடு முடிந்தது, இனி உன்னைத் திட்டப் போகிறேன்.

புத்தாண்டு விடுமுறைக்கு வந்தபோது எங்கள் கூடத்தில் சம்மணம் போட்டுக்கொண்டு, நம்தேமுன் சந்தையில் உன் கேமரா கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் அதே குரலில், டிஜிட்டல் கேமராவின் பெருமைகளை நீ அடுக்கினாய். பிலிம் வாங்க வேண்டாம், கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், எடுத்தவுடனே பார்க்கலாம், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், பிடிக்காததை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து கேட்டார், உன்னிடமே ஒன்று வாங்கினார். நல்லா இருந்த பிலிம் கேமராவைத் தூக்கி அலமாரியின் மேல் போட்டார். அண்ணா, நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் என்றால் கேமராவைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நேற்று ஹங்யோலின் முதல் பிறந்தநாள். இந்த நாளுக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். நாள் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தவன். கையுறை போட்டுக்கொண்டுதான் அவன் விரலைத் தொடவிட்டார்கள். கல்லூரியில் புள்ளியியல் படித்தவள் நான், முதலில் எடுக்கிற பொருள்தான் குழந்தையின் எதிர்காலம் என்று சகுனம் பார்க்கிறவள் இல்லை. ஆனாலும் தாழ்வான மேஜையில் எழுதுகிற தூரிகை, பணம், அரிசி, நூல்கண்டு, மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் எல்லாம் பரப்பிக் குழந்தையை முன்னால் விட்டபோது, அவன் நூல்கண்டை எடுக்க வேண்டும், நீண்ட ஆயுள் ஒன்று போதும், வேறெதுவும் வேண்டாம் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எடுத்தான், அண்ணா! பணத்தைத் தள்ளிவிட்டு, தூரிகையின் மேல் தவழ்ந்து போய், இரண்டு கையாலும் நூல்கண்டை அள்ளி வாயில் வைத்துக்கொண்டான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்போதுதான் கேமராவைப் பிடித்திருந்த என் கொழுந்தன் டொங்யூ தலையை நிமிர்த்தினான்.

"அண்ணி, படம் கலங்கிடுச்சு. மறுபடி."

"மறுபடின்னா? அவன்தான் எடுத்துட்டானே!"

"டிஜிட்டல் அண்ணி. பிலிமா வீணாகுது? இதை அழிச்சாச்சு, பாருங்க. இப்ப மறுபடி விடுங்க."

அழிச்சாச்சாம்! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குள் என் மாமியாரின் முகத்தில் ஒரு வெளிச்சம். பேரன் தூரிகையை எடுக்க வேண்டும், படித்துப் பெரிய உத்தியோகம் போக வேண்டும் என்பது அவரது கனவு.

"ஏண்டா டொங்யூ, அழிச்சிட்டா நடக்காத மாதிரிதானே?"

"படமே இல்லையேம்மா. அப்புறம் எப்படி நடந்ததாகும்?"

"அப்ப நூலை எடுத்தது கணக்குல சேராது. இறக்கி விடுங்க குழந்தையை."

இதைக் கேட்டுவிட்டு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் வாயைத் திறக்க வேண்டுமே! என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஹங்யோல் அம்மா, ஒரு படத்துக்குத்தானே, விடேன்" என்றார். விட்டேன். இரண்டாவது தடவை குழந்தை விருந்தினர் தட்டிலிருந்த சோளப் பணியாரத்தை எடுத்தான், அழி. மூன்றாவது தடவை டொங்யூவின் மூக்குக்கண்ணாடி, அழி. மாமனார் பணத்தைப் பக்கத்தில் நகர்த்தினார், மாமியார் அதைத் தூர நகர்த்தினார், இருவரும் மேஜையின் குறுக்கே சண்டை போட்டார்கள். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் உறவு மொத்தமும் அந்தத் தீப்பெட்டி அளவு திரையின் மேல் தலையை முட்டிக்கொண்டது. "கண்ணு மூடிருக்கு." "எச்சில் ஒழுகுது, தொடைங்க." "நான் குண்டாத் தெரியறேன், இதையும் அழி." திரையில் குழந்தை இருந்ததால் தரையில் குழந்தை இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. பட்டுச் சட்டையோடு மேஜைக்கடியில் போய்ச் சாமந்திப் பூவைத் தின்றுகொண்டிருந்தான். பிலிம் காலத்தில் ஒரு சொடுக்கு, முடிந்தது, பிறகு எல்லோரும் குழந்தையைப் பார்ப்போம். கலங்கினால் கலங்கியதுதான், அதையும் ஆல்பத்தில் ஒட்டுவோம்.

கடைசியில் என் மாமியார் என்ன செய்தார் தெரியுமா? நூல்கண்டை மேஜையிலிருந்தே எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். தூரிகையில் தேனைத் தடவினார். குழந்தை எடுக்காமல் என்ன செய்வான்? கைதட்டல், படம், அருமையான படம், துளி கலக்கமில்லை. நேற்றே டொங்யூ அந்த ஒரு படத்தை மட்டும் மின்னஞ்சலில் உறவினர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். இன்று காலையிலிருந்து தொலைபேசி. "அதிகாரியோட அம்மாவா பேசறது?" என்று கேலி. அதுகூடப் பரவாயில்லை. பூசானிலிருந்து என் வீட்டுக்காரருடைய அத்தை கூப்பிட்டு, "நூலைத் தொடவே இல்லையாமே, பாவம், மேஜையில் வைக்கவாவது வச்சீங்களா?" என்கிறாள். எடுத்தான் என்று கத்தினேன். "படத்துல இல்லையேம்மா" என்றாள். என் வீட்டுக்காரரிடம் அழுதால், "நாம ரெண்டு பேரும் பார்த்தோமே, அது போதாதா?" என்கிறார். பார்த்ததே போதும் என்றால் கேமரா எதற்கு வாங்கினாராம்?

ஆகவே கேள், அண்ணா. அழித்த படத்தை மீட்கிற வித்தை தெரிந்தவர்கள் உங்கள் சந்தையில் இருக்கிறார்களாம். கம்ப்யூட்டர் விழுங்கி முடித்ததும் கேமராவின் மெமரி கார்டை உருவி, பட்டுத் துணியில் சுற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அதில் புதிதாக ஒரு படம் எடுத்தால்கூடப் பழையது போய்விடும் என்கிறார்கள், கவனம். கலங்கியிருந்தாலும் சரி, பாதித் தலைதான் இருந்தாலும் சரி, நூல்கண்டு தெரிந்தால் போதும். அது கிடைக்கும்வரை இந்த வீட்டில் யாரும் கேமராவைத் தொட விடமாட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம். கோபம் உன் கடை மேல்தான், உன் மேல் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சன்ஹ்வா

பி.கு.: திங்கள் காலை. உறையில் கார்டைத் தேடாதே, இல்லை. தபாலுக்குக் கிளம்பிக் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ சத்தம். திரும்பினால் ஹங்யோல், எதையும் பிடிக்காமல் கூடத்தின் நடுவில் நிற்கிறான். நின்றவன் என்னைப் பார்த்து நடந்தான், அண்ணா! அவர் அலுவலகம் போயாயிற்று, பார்க்க வேறு யாருமில்லை. கேமராவை எடுத்தால் கார்டு இல்லை என்கிறது. உறையைக் கிழித்தேன், போட்டேன், எடுத்தேன். கலங்கிவிட்டது. அழித்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் விட்டு மறுபடி நடக்கச் சொன்னேன். ஐந்தாவது தடவை பிரமாதமாக வந்திருக்கிறது. கார்டு நிரம்பிவிட்டது. இதைவிடப் பெரிய கார்டு உன் கடையில் இருக்கிறதா? சீக்கிரம் பதில் போடு.