ஆர்டிஎக்ஸ் லேப்டாப் வாங்கிய கதை

தனக்கென்று ஒரு லேப்டாப்கூட வாங்காமல் பழவேற்காட்டில் ஊருக்கே லேப்டாப் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மனிதர் ஒருவர்தான். அவர் ஆர்டிஎக்ஸ். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் நினைவில்லை. ஐஸ் கம்பெனியில் படகுகளுக்கு ஐஸ் அரைத்துக் கொடுப்பது வேலை. அந்தக் குளிரில் நின்றுகொண்டு, கேமிங் லேப்டாப் எவ்வளவு சூடாகும் என்பதைப் பற்றி நாள் முழுக்க யோசிப்பார். எந்தப் பேச்சை எடுத்தாலும் ஆர்டிஎக்ஸ் என்கிற கிராபிக்ஸ் கார்டில் கொண்டுபோய் நிறுத்துவார். அதுவே பெயராகிவிட்டது.

கடைத்தெருவில் அப்போது நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் லேப்டாப் வீடியோக்கள் பார்க்க மாலையில் வந்துவிடுவார். ஒருநாள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், மார்க் போட்டு வைக்க எந்த லேப்டாப் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்டிஎக்ஸ் திரும்பிவிட்டார்.

"ஸ்க்ரீன் நூத்தி நாப்பத்திநாலு ஹெர்ட்ஸ் பாத்து வாங்குங்க டீச்சர். கொறஞ்சா படம் இழுக்கும்."

"மார்க் எதுக்குங்க இழுக்கப் போவுது?"

"இன்னிக்கு இழுக்காது. நாளிக்கு?"

அந்த நாளைக்குப் பயந்து டீச்சர் வாங்கினார். ஆன் செய்ததும் உள்ளே விசிறி போட்ட சத்தத்தில், ஏரியில் ஏதோ மோட்டார் படகு வருகிறது என்று தலைமையாசிரியர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாராம்.

இத்தனைக்கும் ஆர்டிஎக்ஸுக்கு எந்த விளையாட்டும் விளையாடத் தெரியாது. விளையாடுவது அவர் மனைவி தேவகி. காலையில் காய்ந்த இறால் விற்றுவிட்டு வந்து, மதியம் போனில் கார் ரேஸ் ஓட்டுவார். முகம் தெரியாத யார் யாரையோ முந்திக்கொண்டு போவார். கடைசி வளைவில் போன் அப்படியே உறைந்து நின்றுவிடும். அதைப் பார்த்துத்தான் கேமிங் லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்று ஆர்டிஎக்ஸ் வாக்குக் கொடுத்தார். கொடுத்து வருஷக்கணக்கானது. வாங்கக் கிளம்பும் ஒவ்வொரு முறையும், மூன்று மாதத்தில் இதைவிட நல்ல சிப் ஒன்று வரவிருந்தது.

ஒருநாள் கடைக்கு வந்தவர் வீடியோ கேட்கவில்லை. ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சுண்ணே?"

"போன்ல இருந்த கேமை அழிச்சிட்டா. இனிமே ஆடவே மாட்டேங்கறா."

"சண்டை போட்டாங்களா?"

"போட்டிருந்தா பரவால்லியே. ஒண்ணுமே சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் வாங்க மூவரும் சென்னைக்குக் கிளம்பினோம். தேவகியைக் கிளப்பியது நான்தான். பொன்னேரி பஸ்ஸில் ஆர்டிஎக்ஸ் படபடப்பில் உரக்கப் பேசிக்கொண்டே வந்தார். "ஆர்டிஎக்ஸ் இன்னிக்கு கைக்கு வந்துரும் தம்பி. சூடு மட்டும் ஏறக்கூடாது. ஏறிச்சுன்னா எல்லாம் போச்சு."

முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஆர்டிஎக்ஸ் வெடிமருந்துதான். பொன்னேரியில் இறங்கியவுடன் பஸ் ஸ்டாண்டில் நின்ற போலீஸ்காரரிடம் நேராகப் போனார்.

"ஆர்டிஎக்ஸ் எங்க வச்சிருக்க?" என்றார் போலீஸ்காரர்.

"மெட்ராஸ்ல சார். கடையிலயே இருக்குது."

"கடையிலயா? எதுக்கு வாங்கற?"

"வீட்டுக்காரம்மாவுக்கு சார்."

போலீஸ்காரர் தேவகியைப் பார்த்தார். கிளம்பியதிலிருந்து பேசாமல் வந்த தேவகி, அப்போதுதான் வாயைத் திறந்தார். "அது லேப்டாப்புல இருக்கற கார்டு சார். கார் ரேஸ் ஓட்டறதுக்கு."

போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தி, தன் பெண் இன்ஜினீயரிங் சேர்ந்திருப்பதாகவும் எந்த லேப்டாப் வாங்கலாம் என்றும் கேட்டார். ஆர்டிஎக்ஸ் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் சென்னை ரயில் போய்விட்டது.

சென்னைக் கடையில் மெலிதாக ஒன்று, தடியாக ஒன்று என்று இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார்கள். இரண்டிலும் ஒரே கார்டு.

"பேருதான் ஒண்ணு. ஒல்லியா கீறதுல சூடு தாங்காதுன்னு கார்டுக்குக் கரண்டைக் கொறச்சிடுவான்" என்று எங்களுக்கு விளக்கிய ஆர்டிஎக்ஸ், கடைக்காரரிடம் திரும்பி, "சார், ஏசிய கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்றார்.

"ஏன் சார்?"

"எங்க வூட்ல ஏசி கிடையாது. எங்க வூட்டு வெயில்ல ஓடுதான்னு பாக்கணும்."

கடைக்காரர் நல்லவர். ஏசியை அணைத்தார். இரண்டிலும் விளையாட்டை ஓடவிட்டு, ஆர்டிஎக்ஸ் ஜுரம் பார்ப்பதுபோல மாற்றி மாற்றிப் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார். கடையில் எல்லோருக்கும் சட்டை நனைந்துவிட்டது. மெலிதானது கொதித்தது. தடியானது தாக்குப்பிடித்தது. சரி, முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"ஆனா இதுல ரேம் பதினாறு ஜிபிதான் கீது" என்று இழுத்தார். "மூணு மாசம் பொறுத்தா..."

தேவகி ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தடி லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். முதல் வளைவில் காரைச் சுவரில் மோதினார். இரண்டாவது வளைவைத் தாண்டினார். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. வியர்வையைத் துடைத்தபடி கடைப் பையன்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். கடைசி வளைவில் எதுவும் உறையவில்லை.

"இதையே எடுய்யா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆர்டிஎக்ஸ் எடுத்தார்.

பிறகு ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தேவகி ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆர்டிஎக்ஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த தேவகி, கடைசியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுத் தோற்றார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உன் மேல தப்பு இல்ல தேவகி" என்றார் ஆர்டிஎக்ஸ். "ரேம் பத்தல."

அந்த விளையாட்டுக்குப் பதினாறு ஜிபி தாராளம். ஊரில் அது அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.