பச்சை லைட்டும் முப்பது கெண்டையும்

தையல் மெஷின் கனமுள்ள பெட்டியைத் தலையில் சுமந்தபடி பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். அன்றோடு அந்த வேலைக்கு முழுக்குப் போடுவதாக முடிவு. எனக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு போனவர்தான் பச்சை லைட்டு; அது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். கடலையே பார்க்காமல் கடல் மீனை எண்ணக் கிளம்பிய ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் காரமடைப் பக்கம் நான் இருந்த மில்லை மூடினார்கள். ஏழாவதோடு பள்ளியை விட்டவன், பீளமேட்டுக்கு வந்தேன். பம்ப்செட் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் இவர் இருந்தார். படுக்கச் சாக்கு கொடுத்தார். சோறு, இருந்தால் உண்டு.

விமானத்திலிருந்து பச்சை லேசர் ஒளியைக் கடலில் அடித்தால், கொஞ்சம் தண்ணீரின் மேல்பரப்பில் பட்டுத் திரும்புமாம்; கொஞ்சம் உள்ளே போய் மீன் கூட்டத்தில் பட்டுச் சற்றுப் பிந்தித் திரும்புமாம். பிந்தியதை அளந்தால் மீன் எந்த ஆழத்தில் என்று தெரிந்துவிடும். கோயமுத்தூரில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலுக்கு அரை நாள் ஆகும். அதைச் சொன்னால், "அதுக்குத்தானுங்க ஏரோப்ளேன்" என்பார். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் வெளியே ஓடிவந்து, "வெறும் ஆளுகள ஏத்திக்கிட்டுச் சும்மா போகுது பாருங்க" என்று அலுத்துக்கொள்வார்.

"எனக்கென்ன வேலைங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"நீங்கதானுங்க ஏரோப்ளேன்."

கயிற்றில் தொங்கும் லேசர் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இழுத்துக்கொண்டு நான் ஓட வேண்டும். மெதுவாக ஓடினால், "இப்படிப் பறந்தா உழுந்துருமுங்க!" என்று கத்துவார். கல்லைக் கட்டித் தண்ணீரில் அமுக்கிய கத்தரிக்காய்கள்தான் மீன். மத்தியானம் அவையே குழம்பு.

ஒருவழியாக மீன்துறை அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறேன் என்றார். பிடித்துப்போனால் நிஜ விமானத்தில் பெட்டியை ஏற்ற எழுதிக்கொடுப்பார். இல்லாவிட்டால் அத்தோடு சரி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரர் தன் கிணற்றைக் கொடுத்தார். தெளிந்த தண்ணீர், அதில் அவர் வளர்த்த முப்பது கெண்டை.

அதிகாரி வந்த அன்று தோப்புக்காரர் பந்தி ஏற்பாட்டுக்கு வீட்டுக்குள் போய்விட, நான் கிணற்றுக்கு மேலே பெட்டியைப் பறக்கவிட்டேன். பெட்டியோடு சேர்ந்த சின்னத் திரையில் தண்ணீருக்கு ஒரு கோடு, அடித்தரைக்கு ஒரு கோடு. நடுவில் ஒன்றுமில்லை. ஏழு தடவை பறந்தேன். ஒன்றுமே இல்லை.

"கெணத்து மீனே தெரியல, உங்களுக்குக் கடல் வேறயா?" என்று சிரித்துவிட்டு அதிகாரி சாப்பிடப் போனார். மீன் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினார்.

நான் பின்பக்கம் சாப்பிட்டேன். "ஏனுங்கக்கா, மீன் எந்தச் சந்தைல வாங்கினீங்க?" என்று தோப்புக்காரர் மனைவியிடம் கேட்டேன்.

"விருந்தாளிக்குச் சந்தை மீனைப் போடுவாங்களா தம்பி? வெடியறதுக்குள்ள கெணத்துல வலைய உட்டு முப்பதையும் புடிச்சுப்போட்டமுங்க!"

எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினேன். ஜீப் போய்விட்டது. புழுதிதான் இருந்தது.

அதனால்தான் அந்த நடை. பாதி வழியில் பெட்டியை இறக்கிவைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியுமுங்க. எலைல உழுந்ததுமே கெண்டைன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏனுங்க வாயத் தொறக்கல?"

"நமக்குன்னு ஆக்கிப்போட்ட ஊட்டுல உக்காந்துக்கிட்டு, உங்க விருந்தாலதான் கெட்டுச்சுன்னு எப்படிங்க சொல்றது? அந்தம்மா மூஞ்சி வாடிப்போகுமுங்க." நாலடி நடந்து திரும்பினார். முகமெல்லாம் பல். "ஆனா பாருங்க, மீன் இல்லைன்னு கரெக்டாச் சொல்லிப்போட்டுது!"

இப்படி ஒரு முட்டாளை எங்கும் கண்டதில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டுப் பழனி பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில், உடுமலையிலேயே இறங்கித் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை தகரக் கொட்டகையில், ஒரு கையில் கயிறும் மறு கையில் கத்தரிக்காயுமாக அவர் தானே பறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றை வாங்கிக்கொண்டு மறுபடி ஏரோப்ளேனாகச் சேர்ந்தேன்.