மூணாம் நம்பர் ரூமில் தங்கிய பெட்டிகள்

ஏற்காடு,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை தமிழ்செல்வன் அவர்களுக்கு, மாமனார் ஞானசுந்தரம் எழுதிக்கொண்டது. சேர்வராயன் சாமி புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்கு உண்டா இல்லையா என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கு தாங்களும் காயத்ரியும் ஓசூர்க் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். காயத்ரி போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறது. மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே பேசும்போது நடுவில் மகள் "அப்பா, கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க" என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கடிதம். இதைத் தாங்கள் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைதான், ஆனாலும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தீபாவளிக்கு வந்திருந்தபோது, கறிச்சோறு முடிந்து வெற்றிலை போடுகையில் தாங்கள் ஒரு யோசனை சொன்னீர்கள். தங்கம் அண்ணாந்து பார்த்தாலும் தெரியாத உயரத்துக்குப் போய்விட்டது, பேங்க் வட்டி எதற்கும் காணாது, நிலத்தில் போட்டால் திரும்ப வாங்க ஆளில்லை, அதனால் பழைய காலத்துப் பாட்டுப் பெட்டிகளை வாங்கிப் போடுங்கள் மாமா, வருசா வருசம் விலை ஏறும், ஏறுகிற வரைக்கும் பாட்டும் கேட்கலாம், தங்கத்தைக் காதோரம் வைத்தால் பாடுமா என்று கேட்டீர்கள். இங்கே நம் லாட்ஜோ ஈயாடுகிறது. சேலத்திலிருந்து பைக்கில் வருகிறார்கள், ஏரியைப் பார்க்கிறார்கள், மிளகாய் பஜ்ஜி தின்கிறார்கள், பொழுது சாய இறங்கிப் போய்விடுகிறார்கள். நம் லாட்ஜுக்குள் வருகிறவர்கள் பாத்ரூம் எங்கே என்று மட்டும் கேட்கிறார்கள். இந்த நேரத்தில் மேல் எஸ்டேட் பங்களாவில் பழைய சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், லாட்ஜுக்குப் பெயிண்ட் அடிக்க வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய் நின்றேன். ஒரு ரெக்கார்டு பிளேயர், கண்ணாடி பல்பு மாதிரி வால்வுகள் எரிகிற ஆம்ப்ளிஃபையர் ஒன்று, ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, கூடவே ஒரு அட்டைப் பெட்டி நிறைய இசைத்தட்டு. ஜீப்பிலிருந்து இறக்கும்போது உங்கள் அத்தை வாசலில் நின்று, யாருங்க பீரோ வாங்கச் சொன்னது என்று கேட்டாள். தாங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை மரியாதையைக் காப்பாற்றினேன்.

இங்கதான் சனி புடிச்சுது. மார்கழிப் பனியில பெட்டிக்குள்ள ஈரம் எறங்குனா எல்லாம் போச்சுன்னு போன்ல சொன்னீங்களே, நம்ம லாட்ஜுல ஈரம் இல்லாத ரூம் மூணாம் நம்பர் ஒண்ணுதானுங்க, ஏரி தெரியற ரூம், அதிக வாடகை வர்ற ரூமும் அதுதான், அதுல கொண்டுபோய் வெச்சு, ராப்பகலா குண்டு பல்பு எரியவிட்டு, ஸ்பீக்கர் ரெண்டுக்கும் புதுக் கம்பளி போத்திவிட்டேன், கம்பளி இல்லாம நாலாம் நம்பர்ல தங்குன நாமக்கல்காரரு விடியறதுக்குள்ள ஜன்னி வந்த மாதிரி நடுங்கிக்கிட்டே சாவியக் குடுத்துட்டுப் போனாரு. வெயிலு கண்ட அன்னைக்குச் சித்த காயட்டும்னு ஸ்பீக்கரை மொட்டை மாடிக்கு ஏத்துனா, வடகத்துக்கு வர்ற கொரங்கு வந்து முன்னால இருந்த துணியப் புடிச்சு இழுத்துக் கிழிச்சுப்போடுச்சு. சரி, ஆம்ப்ளிஃபையரையாவது சூடா வெச்சிருக்கலாம்னு குண்டு பல்புக்குக் கீழயே நகத்திவெச்சா, பக்கத்து டீக்கடை மரியசெல்வியோட பூனை கதகதப்புக் கண்டு அதுமேலயே குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிருச்சு, வெரட்டுனா என்னையப் பாத்துச் சீறுது.

இதெல்லாம் பொறுத்துக்கலாமுங்க மாப்பிள்ளை, பொறுக்க முடியாதது அந்த விலை. இதே மாதிரிப் பெட்டி போன்ல என்ன விலைக்குப் போவுதுன்னு பாக்கலாம்னு நீங்கதான் காட்டிக்குடுத்தீங்க. நம்ம லாட்ஜுல சிக்னல் கெடைக்கறது தண்ணி டேங்கு மேல மட்டும். காலையில ஏறிப் பாத்தா ஒசந்திருக்கும், மனசு குளுந்து எறங்குவேன், இட்லி தின்னுட்டு மறுக்கா ஏறுனா எறங்கியிருக்கும், மத்தியானம் சோறு எறங்காது. படுத்தா பொரண்டு பொரண்டு படுக்கறேன், காத்து அடிச்சா ஜன்னல் சாத்தியிருக்குதான்னு எந்திரிச்சுப் போறேன், காத்து அடிக்கலைன்னா ஏன் அடிக்கலைன்னு எந்திரிச்சுப் போறேன். அஞ்சாம் நம்பர்ல தங்கியிருந்த புதுசா கல்யாணமான ஜோடி, ஓனரு எந்நேரமும் டேங்கு மேலயே நிக்கறாரு, இங்க தண்ணிக்குப் பஞ்சம் போலன்னு ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்க.

சரி, பாட்டாவது கேட்டீங்களா மாமான்னு நீங்க கேப்பீங்க. எங்கீங்க கேக்கறது? ஓட்டுனா ஊசி தேயும், வால்வுக்கு ஆயுசு கொறையும், ஆயுசு கொறைஞ்சா விலை கொறையும். உங்க அத்தை ஜெயகுமாரி ஒருநாள் ஒரு தட்டைக் கையில எடுத்தா, நான் அலறுன அலறல்ல பூனையே எறங்கி ஓடிருச்சு. அன்னைக்கிருந்து ஜெயகுமாரி எங்கிட்டப் பேசறதில்லை. போன வாரம் பையில சேலையெல்லாம் மடிச்சு வெச்சுப்போட்டு, செவுத்தைப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"இந்த மலையில இருந்து ஒண்ணு அந்தப் பொட்டி எறங்கோணும், இல்லாட்டி நான் ஆத்தூருக்கு எங்கக்கா ஊட்டுக்கு எறங்கறேன்."

வெளையாட்டுக்குச் சொன்ன மாதிரித் தெரியலீங்க. பையோட ஜிப்பு சாத்தியிருந்துச்சு. அன்னைக்கே டேங்கு மேல ஏறி, விற்பனைக்குன்னு போட்டோ போட்டேன். பெங்களூர்ல இருந்து மெல்வின்னு ஒருத்தரு கார் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. மெதுவாப் பேசற மனுசன், பெட்டியத் தொடறதுக்கு முன்னால கையைக் கழுவிட்டு வந்தாரு. பாட்டுப் போட்டுக் கேக்காம வாங்க மாட்டேன்னுட்டாரு. நமக்கு விக்கோணுமே, சரிங்கன்னேன். ஏதோ வெள்ளைக்காரன் பியானோ வாசிச்ச தட்டு. அதைப் போட்டுப்போட்டு அவரு கண்ண மூடிக்கிட்டாரு. நான் ஊசியையே பாத்துக்கிட்டு நின்னேன். உங்க அத்தை டீ கொண்டாந்தவ வாசப்படியிலயே நின்னுபோட்டா. ஒரு பக்கம் பூராவும் ஓடி முடிஞ்சு ஊசி தானா எந்திரிக்கற வரைக்கும் டம்ளரை யாருக்கும் குடுக்கலை. டீ ஆடை படிஞ்சு போச்சு. அப்பறம் என்னையப் பாத்துக் கேட்டா.

"இத்தனை நாளா இதுக்குள்ள இதுங்களா இருந்துச்சு?"

நான் ஆமான்னேன். வேற என்னத்தைச் சொல்லறது? மெல்வின் பேரம் பேசாம நான் கேட்டதைக் குடுத்தாரு. இன்னைக்குக் காலையில வேன் வெச்சு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. உங்க அத்தை வேன் வளைவுல திரும்பற வரைக்கும் வாசல் கேட் பக்கத்துல நின்னா. திரும்புன பின்னாலயும் உள்ள வரலை. நிம்மதி அப்படி.

ஆக, மாப்பிள்ளை அவர்களே, மூணாம் நம்பர் காலி. எனக்கும் இனி தூக்கம் வரும். தாங்கள் சொன்னது நல்லெண்ணத்தில்தான் என்பதை நான் அறிவேன். ஆனால் இனிமேல் முதலீடு சம்பந்தமாக எனக்கு எந்த யோசனையும் சொல்ல வேண்டாம் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மலைக்குப் பழைய சாமான் எதுவும் ஏறக் கூடாது. கோடைத் திருவிழாவுக்குக் காயத்ரியை அழைத்துக்கொண்டு கட்டாயம் வந்துபோக வேண்டும், தங்களுக்குப் பிடித்த நாட்டுக்கோழி காத்திருக்கும். இருவரும் பதினாறும் பெற்று, படுத்ததும் தூங்கும் பாக்கியத்தோடு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

தங்கள் மாமனார்,
ஞானசுந்தரம்

பி.கு.: பேனா மாறியிருக்குது, எழுத்து ஆடுது, மன்னிச்சுக்கங்க. அடிவாரத்துல டீக்கடை பெஞ்சுல உக்காந்து எழுதறேன். மேல இருக்கற கடிதாசியப் போஸ்ட் பண்ணலாம்னு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வெளிய வந்தா, ஈரோட்டுல இருந்து ஒரு குடும்பம் வந்து எறங்குச்சு. ஏரி தெரியற ரூம் வேணும், ஒரு வாரம் தங்கறோம்னாங்க. மூணாம் நம்பர் கதவு விரியத் தெறந்து கெடக்குது, உள்ள ஒரு கட்டிலைத் தவிர ஒண்ணுமில்லை. உங்க அத்தை அந்தக் கதவுக்கு முன்னாலயே நின்னுக்கிட்டு, அந்த ரூம்ல ஆள் இருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டா. சொல்லிப்போட்டு எங்கிட்ட வந்து, "ஸ்கூட்டரை எடுங்க, வேன் தூரம் போயிருக்காது"ங்கறா.

வளைவுக்கு வளைவு நான் பிரேக்கைப் புடிக்க, அவ பின்னால இருந்து முதுகுல குத்த, அடிவாரம் வந்தா வேன் ஓரமா நிக்குது. பக்கத்துல கார். மெல்வின் டீ குடிக்காம கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவரு சம்சாரம் போன் பண்ணி, அந்த ரெண்டு பீரோவும் பிளாட்டுக்குள்ள வந்தா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்னு சொல்லிருச்சாம். மேல போறதா கீழ போறதான்னு தெரியாம நொம்ப நேரமா அங்கயே இருக்காரு. ஜெயகுமாரி அவருக்குப் பக்கத்துல உக்காந்து, அந்தம்மா சொல்லறதும் நியாயந்தானுங்கன்னு ஆரம்பிச்சா. எங்களுக்குச் சொன்ன டீ ஆறறதுக்குள்ள முடிவாயிருச்சு. சொத்து மெல்வினோடது, நான் வாங்குன பணம் எங்கிட்டயே இருக்கும். பெட்டி மூணாம் நம்பர்லயே இருக்கும், மாசம் ஒரு சனிக்கெழமை அவரு வந்து வாடகை குடுத்துத் தங்கிக் கேட்டுட்டுப் போவாரு. மத்த நாள்ல ஈரம் புடிக்காம இருக்க நாங்க தெனமும் ஓட்டோணும்னு உங்க அத்தை கண்டிசன் போட்டா. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு.

அதனால மேல எழுதுனதை நீங்க படிக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க மாப்பிள்ளை, உங்க யோசனை தங்கமான யோசனை. வேன் டிரைவர் டிபன் தின்னதும் மலை ஏறறோம். மெல்வின் இப்பத்தான் பெங்களூருக்குக் கெளம்புனாரு. ஓமலூர் தாண்டலை, அதுக்குள்ள மூணு போன். மேல பனி எறங்கிருச்சுங்களா, ஜன்னல் சாத்தியிருக்குதுங்களா, போன்ல விலை எறங்கியிருக்குதே பாத்தீங்களான்னு கேக்கறாரு. நல்ல மனுசன். இனி அவருக்குத் தூக்கம் ஏதுங்க.