மூணு காப்பி கையெழுத்துப் போட்ட பாரம்

ஒரு காகிதம் பிறந்து, வளர்ந்து, குப்பைக்குப் போகும் வரை கூடவே இருந்து பார்த்த மனிதர் மலாக்காவில் ஒருவர்தான். அவரை நாங்கள் 'மூணு காப்பி' என்போம். எதை எழுதினாலும் மூன்று பிரதி எடுக்கச் சொல்வார். பேர் அப்படி வந்தது. தன் கல்யாணத்துக்கு லீவு கேட்ட கடிதத்தையும் மூன்று பிரதி எடுத்தாராம். ஒன்று துரைக்கு, ஒன்று ஃபைலுக்கு. மூன்றாவதைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

எங்களுடையது பெரிய ரப்பர் கம்பெனி. தோட்டங்கள் பல இடங்களில். தலைமை ஆபீஸ் மலாக்கா டவுனில். நான் அங்கே சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா; அவர் ஸ்டோர் கிராணி. காஜா பேராங்கில் இருந்த வீட்டிலிருந்து சைக்கிளில் வருவார். கால்சட்டையில் கிளிப், காதில் பென்சில், முகத்தில் யாரோ எதையோ தொலைத்துவிட்டார்கள் என்கிற கவலை.

அதுவரை ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டிய பாரங்களை, அதாவது படிவங்களை, தானே அச்சடித்துக்கொள்ளும். கணக்குப் பகுதிக்கு ஜாலான் பெண்டஹாராவில் ஓர் அச்சகம், எங்கள் பகுதிக்கு ஜாலான் துக்காங் எமாஸில் வேறொன்று, தோட்டங்களுக்கு அந்தந்த ஊரில் ஒன்று. லீவு பாரம் மட்டும் ஐந்து விதம். எங்கள் பாரத்தில் காரணம் எழுத அரை அங்குலம்தான் இடம் இருந்தது. அதனால் எங்களுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு நோயே வந்ததில்லை.

இந்த நாட்டுச் சுதந்திரத்துக்குச் சற்று முன்பு வந்த புதுத் துரை இந்தக் கூத்தைப் பார்த்தார். இனி அச்சு வேலை எல்லாம் ஒரே அச்சகத்தில், பழைய தாள்கள் எல்லாம் ஒரே அறையில் என்று உத்தரவு போட்டு, பொறுப்பை மூணு காப்பியிடம் கொடுத்தார். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

முதலில் மேசை இழுப்பறைகளைச் சோதனை போட்டார். நாங்கள் பதுக்கியிருந்த பாரங்களெல்லாம் ஸ்டோருக்குப் போயின. கணக்குப் பகுதி டைப்பிஸ்ட் அம்மா, கம்பெனித் தாள் ஒன்றின் பின்பக்கம் மீன் கறி வைக்கும் முறையை எழுதி வைத்திருந்தார். அதற்கும் நம்பர் போட்டு ஃபைலில் சேர்த்துவிட்டார் மனிதர். பிறகு அந்த அம்மா மீன் வாங்கும் நாளெல்லாம் ஸ்டோருக்குப் போய் எழுதிக் கொடுத்துத்தான் அதைப் பார்க்க முடிந்தது.

அடுத்து தோட்டங்களுக்கு லோரி அனுப்பி, கறையான் அரித்த பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது தொழிலாளர் பேர்ப் பதிவேடுகளை, மூட்டை மூட்டையாக வரவழைத்தார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தூசு தட்டினார். "செத்தவன் பேரெல்லாம் எதுக்குங்க?" என்று பெரிய கிராணி கேட்டார். "செத்தானா இல்லையான்னு பார்க்கத்தான்" என்றார் இவர்.

பாரம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு பாரம் எழுத வேண்டும் என்றும் சட்டம் போட்டார். ஒருநாள் அந்தப் பாரமே என்னிடம் தீர்ந்துபோனது.

"ஐயா, பாரம் கேக்குற பாரம் முடிஞ்சுபோச்சு."

"எழுதிக் குடுங்க தம்பி."

"எதுல எழுதுறது?"

"அந்தப் பாரத்துலதான்."

"அதுதான் இல்லைங்கிறேனே."

என்னை நிதானமாகப் பார்த்தார். "கடைசித் தாள் கையில இருக்கும்போதே கேட்டிருக்கணும்" என்று சொல்லி ஸ்டோர் ஜன்னலைச் சாத்தினார்.

அந்த எரிச்சலில்தான் அதைச் செய்தேன். ஆபீஸ் நேரத்தில் மூக்குச் சிந்த அனுமதி கோரும் பாரம் ஒன்றைத் தயார் பண்ணினேன். எந்த மூக்குத் துவாரம், எத்தனை தடவை, கைக்குட்டை சொந்தமா கம்பெனியுடையதா என்று கேள்விகள். கடைசியில் மேலதிகாரி கையெழுத்து. சுத்தமாக டைப் அடித்து, அச்சுக்குப் போகிற கட்டின் நடுவே செருகி அவரிடம் நீட்டினேன். எதையும் இரண்டு முறை படிப்பவர்; பார்த்ததும் பிடித்துவிடுவார், கொஞ்சம் கத்துவார், சிரித்துவிட்டுப் போகலாம் என்பது என் கணக்கு.

அவர் படிக்கவில்லை. "நீங்க பார்த்துட்டீங்கல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். "பார்த்துட்டேங்க" என்றேன். வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

அச்சகம் அதை அழகாக அச்சடித்து, கட்டுக் கட்டாக எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்பிவிட்டது. ஒரு தோட்டத்துத் துரை அதை உண்மையிலேயே பூர்த்தி செய்து எங்கள் துரைக்கு அனுப்பினார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. எங்கள் துரை சிரிக்கவில்லை. மூணு காப்பியைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "கையெழுத்து என்னுது, பொறுப்பும் என்னுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகைக்கு அவரை மாற்றினார்கள். செய்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

பிரஜா உரிமைக்கு எல்லாரும் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்தேன் என்று காட்ட என் அப்பாவிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எங்கள் கம்பெனித் தோட்டத்தில்தான் வாழ்நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருந்தார். அவர் பேரைத் தேடித் தரும்படி முன்பே ஸ்டோரில் எழுதிக் கொடுத்திருந்தேன். இந்தக் குழப்பத்தில் அதை யார் தேடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸில் மூணு காப்பிக்குக் கடைசி நாள். என் மேசைக்கு வந்து ஒரு உறையை வைத்தார். உள்ளே அப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து செக்ரோலில் பேர் வந்த பக்கங்களெல்லாம் கையால் நகல் எடுக்கப்பட்டு, துரையின் கையெழுத்தோடு, கம்பெனி சாப், அதாவது முத்திரை, குத்தியிருந்தது.

"அப்பா பேர மூணு விதமா எழுதியிருக்காங்க. மூணும் ஒரே ஆள்தான்னு கீழே எழுதி, துரைகிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன். ஒண்ணும் பிரச்சினை வராது."

நான் எழுந்து நின்றேன். என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

"அப்புறம் தம்பி, உங்க டைப்ரைட்டர்ல 'e' எழுத்து கொஞ்சம் மேல ஏறி நிக்குது. இந்த ஆபீஸ்ல உங்க மெஷின்ல மட்டும்தான் அப்படி. ரிப்பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க."

சொல்லிவிட்டுக் கால்சட்டைக்குக் கிளிப் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவுக்குப் பிரஜா உரிமை கிடைத்தது. அந்த அறையிலிருந்த செக்ரோலை வைத்து இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கவென்றே காஜா பேராங்குக்குப் போனேன். உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். மழையைப் பற்றி, தோட்டத்து ரோட்டைப் பற்றி, தராசில் எழுத்து தேய்ந்திருப்பதைப் பற்றியெல்லாம் பேசினோம். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். அடுத்த முறை நான் போனது அவருடைய சாவுக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்த மனுஷர் அவர். அவர் இருந்தபோது அப்படி ஒருவரிடமும் சொன்னதில்லை.