ஜைத்தூன் பீவியின் ரிப்பன் போர்

வாழ்க, வாழ்க! மலாக்கா காஜா பெராங் வீதியின் கண்மணி, ஊசிமுனைக்கு அஞ்சாத உருக்கு நெஞ்சினள், கத்தரிக்கோல் ஏந்திய காரிகை ஜைத்தூன் பீவி வாழ்க! ஐந்து வேளைத் தொழுகையும் ஆறு வகைக் கறியும் தவறாத அந்த ஆரணங்கின் வெஞ்சமரைப் பாடப் புகுந்தோம். ஊசியே, நூற்கண்டே, நா குழறாமல் துணை நில்லுங்கள்!

போர் மூண்ட காரணம் கேளீர். பீவியின் கணவர், ஜவுளிக்கடை ஷரீஃபுதீனுக்கு ஒரு அக்காள். கிளேபாங்கில் கொலுவிருக்கும் கதீஜாம்மாள். தலையணை உறை தைத்தே தலைநிமிர்ந்தவள், வெள்ளைக்காரத் துரைசானியும் விலைக்குக் கேட்ட பூவேலைக்காரி. அந்தத் திருவாய், பீவி மணமாகி வந்த பதினோரு ஆண்டில் ஒரு தடவைகூட "நல்லா இருக்கு" என்று மலர்ந்ததில்லை. பிரியாணிக்கு "உப்பு இருக்கு" என்றாள். தைத்துக் கொடுத்த சட்டைக்கு "கை ரெண்டும் இருக்கு" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்காக ஏங்கியே பீவி பாதியாகிப் போனாள்.

ஆகவே அடுப்படி அதிர முழங்கினாள்: "வெள்ளிக்கிழமை மைனி விருந்துக்கு வர்றாங்க. வெள்ளைத் துணியில ஏழு ரிப்பன் ரோஜா தச்சு, கம்புல கோத்து, கூடத்துச் சுவத்துல மாட்டுறேன். அதைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்ல வைக்கலன்னா என் பேரு ஜைத்தூன் இல்ல!"

கடையில் மிஞ்சிய கெட்டிப் பருத்தித் துண்டு களமாக விரிந்தது. செந்நிற சாட்டின் ரிப்பனோ வழவழத்த வஞ்சகன். மடித்தால் மலர்வான், மலர்த்தினால் சுருள்வான், பல்லால் கடித்துப் பிடித்தால் நாக்கில் சாயம் பூசுவான். உருண்டோடி அலமாரிக்கு அடியில் அவன் ஒளிந்தபோது, குப்புற விழுந்து, தும்மல் பதினாறு தும்மி, வால் பிடித்து இழுத்து வந்தாள் எம் வீராங்கனை. ஆறு ரோஜாக்கள் அடிபணிந்தன. ஏழாவது மட்டும், கடைசித் தையல் விழும்போதெல்லாம், திறந்த குடைபோல் படாரென்று விரிந்து எள்ளி நகைத்தது.

"இன்னைக்கு ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்த ரிப்பன் இருக்கணும்!" என்று கர்ஜித்தாள் பீவி.

"ரெண்டும் இருக்கட்டும்லா. சோறு ஆச்சா?" என்று பிரகடனம் செய்தார் ஷரீஃபுதீன். பிறகு துணியைக் குனிந்து நோக்கி, "கோபிஸ் தச்சிருக்கே, முட்டைக்கோஸு. அசல் மாதிரியே இருக்கு" என்றும் திருவாய் மலர்ந்தருளினார். அன்று அவருக்குப் பழைய கறிதான்.

வந்தது வெள்ளி. ரிக்ஷாவில் எழுந்தருளினாள் கதீஜாம்மாள், உண்டாள், எதையும் புகழவில்லை. அவள் கடைசிக் கவளத்தில் இருக்க, உள்ளறைக்குப் பாய்ந்த பீவி, ஏழாம் ரோஜாவின் இதயத்தில் இறுதி ஊசியை இறக்கினாள். ரோஜா அடங்கியது! கம்பு கோக்க மடிப்புத் தைக்க வேண்டும், ஆணி அடிக்க வேண்டும். பதினோரு ஆண்டு பொறுத்தவளுக்கு அந்த அரை மணி பொறுக்கவில்லை. துணியை இரு கரங்களிலும் ஏந்தி, நாணத்தால் தலைகுனிந்து, வாயடைத்து நாத்தனார் முன்னே போய் நின்றாள்.

அந்தோ! அந்தக் கணத்தில்தான் கதீஜாம்மாள், படிக்கத்தில் கை கழுவி முடித்து, ஈரம் சொட்டும் விரல்களோடு நிமிர்ந்தாள். விருந்தாளி கை கழுவினால் வீட்டுக்காரி துவாலையை இரு கையாலும் நீட்டுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வழக்கம் தவறாத கதீஜாம்மாள் வாங்கினாள். துடைத்தாள். விரல் விரலாக, நகம் நகமாக, மோதிரத்தைக் கழற்றி அதற்கடியிலும் துடைத்தாள். ஏழு ரோஜாக்களின் நடுவே மீன்குழம்பு மஞ்சளாய் உதித்தது.

பிறகு அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், தடவினாள். பதினோரு ஆண்டு பூட்டிக்கிடந்த கோட்டைக் கதவு திறந்தது:

"துவாலை நல்லா இருக்கு, ஜைத்தூனு. ஈரத்தை அப்படியே இழுக்குது. பூ வேற போட்டிருக்கே! எனக்கும் ரெண்டு தச்சுத் தா."

முரசு அறைக! சங்கு முழங்குக! உண்மையைச் சொல்ல எழுந்த நாவை உதட்டுக்குள் சிறையிட்டு, அழுகையும் சிரிப்பும் ஒருசேரப் பொங்க, "சரி மைனி" என்று வாகை சூடி நின்றாள், மலாக்கா நகரே, உன் மாவீர மகள், ரிப்பனை வென்றவள், ரோஜாக்களை அடக்கியவள், நாத்தனாரின் நாவெனும் நாட்டையே பிடித்தவள்!

மறுநாள் காலையில் அதைச் சவுக்காரம் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள்.